உடலில் ஏற்றிய சிலிகான்: தொந்தரவு வந்தால் என்ன செய்வது, எதைச் செய்யவே கூடாது

மார்பு, இடுப்பு, பிட்டம், தொடை, கன்னம், உதடு ஆகியவற்றைப் பெரிதாக்க ஊசி வழியாக ஏற்றும் திரவ சிலிகானைப் பற்றியது இந்தக் குறிப்பு. உறைக்குள் அடைத்து, அறுவை செய்து வைக்கும் சிலிகான் பை வேறு. அதில் கோளாறு வந்தால் பையையே எடுத்துவிடலாம். ஹயலுரானிக் அமில ஃபில்லரும் (தோலுக்கடியில் போட்டு நிரப்பும் ஜெல்) வேறு. அதைக் கரைக்க ஹயலுரானிடேஸ் என்ற நொதி இருக்கிறது. திரவ சிலிகானைக் கரைக்கும் மருந்து எதுவும் கிடையாது. கரைத்துத் தருகிறேன் என்று ஹயலுரானிடேஸ் ஊசியோ கொழுப்பைக் கரைக்கும் ஊசியோ போட யாராவது முன்வந்தால், அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம்.

திரவ சிலிகானுக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. (மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி கொடுத்திருப்பது கண்ணுக்குள், விழித்திரை பிரிந்த நோய்க்கு மட்டும்தான். உடலை வடிவமைக்க இதை ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று 2017 நவம்பரில் தனி எச்சரிக்கையும் விட்டது. லத்தீன் அமெரிக்காவில் 'பயோபாலிமர்' என்ற பெயரில் இது பெருவாரியாகப் பரவி, வெனிசுவேலா 2012இல் தடை செய்தது. தடை எங்கே இருந்தாலும் ஊசி நிற்கவில்லை. அறுவைக்குப் பணம் இல்லாத பெண்களும் திருநங்கைகளும் வீடுகளிலும் விடுதி அறைகளிலும் போட்டுக்கொள்கிறார்கள். சிரிஞ்சுக்குள் இருப்பது பெரும்பாலும் மருத்துவ சிலிகான்கூட இல்லை. தொழிற்சாலை சிலிகான், பாரஃபின், கனிம எண்ணெய் என்று எதுவும் இருக்கும். 2011இல் மயாமி பகுதியில் ஒருவர் கைதான வழக்கில் சிமென்ட், டயர் ஓட்டையை அடைக்கும் பசை ஆகியவை ஏற்றப்பட்டதாகப் போலீசார் கூறினார்கள். ஆகவே 'சிலிகான்தான் போட்டார்கள்' என்று நீங்கள் உறுதியாக நம்பினாலும், மருத்துவர் அதை உறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது

சிலிகானை உடலால் சிதைக்க முடியாது. சிதைக்க முடியாததைச் சுற்றி நார்த் திசுவால் வேலி போடப் பார்க்கும். 0.01 மி.லி. அளவுத் துளிகளாக, இடைவெளி விட்டு, பல மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் ஒவ்வொரு துளிக்கும் வேலி போட்டுவிட முடிகிறது. எச்.ஐ.வி. மருந்துகளால் கன்னம் ஒட்டிப்போனவர்களுக்குச் சில மருத்துவர்கள் இந்த முறையில்தான் பயன்படுத்தினார்கள். பிட்டத்தில் ஒரே அமர்வில் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று ஏற்றுகிறார்கள். அவ்வளவுக்கும் வேலி போட உடலால் ஆகாது. மிஞ்சிய எண்ணெய் தசைகளின் இடுக்கு வழியே கீழே இறங்கும். பிட்டத்தில் போட்டது தொடைக்கும் கணுக்காலுக்கும், இடுப்பில் போட்டது அடிவயிற்றுக்கும் பிறப்புறுப்புக்கும் போய்ச் சேர்ந்த நோயாளிகள் உண்டு. கொஞ்சம் நிணநீரோடு போய்க் கணுக்களில் தேங்கும். வேலி போட்ட இடத்திலும் எதிர்ப்புச் செல்கள் ஓய்வதில்லை. 20, 30 ஆண்டுகள் சும்மா கிடந்துவிட்டு ஒரு நாள் சிவந்து வீங்குவது இதனால்தான்.

ஊசி போட்ட முதல் 3 நாட்கள்: நுரையீரலைக் கவனியுங்கள்

ஊசி முனை நரம்புக்குள் (ரத்தக் குழாய்தான், பேச்சு வழக்கில் நரம்பு) போனாலோ, அளவுக்கு மீறிய அழுத்தத்தில் ஏற்றினாலோ, ஏற்றிய பின் அழுத்தி நீவினாலோ, எண்ணெய் ரத்தத்தில் கலந்து நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும். சில நிமிடங்களிலும் தொடங்கலாம், 3 நாள் கழித்தும் தொடங்கலாம். மூச்சிரைப்பு, இருமல், நெஞ்சு வலி, காய்ச்சல், சளியில் ரத்தம், மார்பிலும் கழுத்திலும் பொடிப் பொடியான சிவப்புப் புள்ளிகள். குழப்பமான பேச்சு, தூக்கக் கலக்கம், வலிப்பு ஆகியவை வந்தால் மூளையும் பாதிக்கப்பட்டிருக்கிறது. 2005இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், இந்தப் பாதிப்பு வந்த 33 பேரில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இறந்தார். மூளை பாதித்தவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை.

வீட்டில் வைத்துப் பார்க்கும் நோய் இல்லை இது. செய்ய வேண்டியவை:

1. ஆம்புலன்ஸை அழையுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.
2. வரும்வரை தலையும் மார்பும் உயர்ந்திருக்கும்படி சாய்த்து உட்கார வையுங்கள். ஊசி போட்ட இடத்தை அமுக்கக் கூடாது, நீவக் கூடாது, அதன் மேல் உட்காரவும் கூடாது.
3. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி இருந்தால் பாருங்கள். 94க்குக் கீழே இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். 97 காட்டினாலும் மூச்சிரைப்பு இருந்தால் போகத்தான் வேண்டும்.
4. மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்: 'இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடத்தில், ஏறத்தாழ இவ்வளவு சிலிகான் ஊசி போட்டார்கள்.' புட்டி, சிரிஞ்சு, உறை எது கிடைத்தாலும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

நாலாவதில்தான் பெரும்பாலும் தவறிப்போகிறது. வெட்கத்தாலோ பயத்தாலோ மறைத்துவிடுகிறார்கள். மருத்துவர் நிமோனியா என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் தருவார், அல்லது ரத்தக் கட்டி என்று நினைத்து ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைத் தொடங்குவார். சிலிகான் அடைப்பில் நுரையீரலின் காற்றறைகளுக்குள் ரத்தம் கசிகிறது. அந்த நிலையில் உறைதல் தடுப்பு மருந்து கசிவை அதிகப்படுத்தலாம். சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரல்களின் ஓரங்களிலும் மங்கலான வெண்திட்டுகள் தெரியும், பெரிய குழாய்களில் கட்டி இருக்காது. மாற்று மருந்து கிடையாது. ஆக்சிஜன், தேவைப்பட்டால் வென்டிலேட்டர், இவைதான் சிகிச்சை. ஸ்டீராய்டு பலரும் கொடுக்கிறார்கள், அதன் பலனுக்கு உறுதியான சான்று குறைவு.

முகத்தில் போட்டுக்கொண்டவருக்குத் தோல் திடீரென வெளுத்தாலோ, வலை பின்னியது போல் நீலம் பாய்ந்தாலோ, பார்வை மங்கினாலோ தமனி அடைபட்டிருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் விழித்திரை மீள முடியாத நிலைக்குப் போய்விடும்.

மூச்சு நன்றாக இருந்தாலும் அந்த வாரத்துக்குள் ஒரு வேலை பாக்கி. ஒரே ஊசியை, ஒரே புட்டியைப் பலருக்குப் பயன்படுத்தியிருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் பரிசோதனை உடனே, பிறகு 6 வாரத்திலும் 3 மாதத்திலும். டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகள் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சிவப்பு, சூடு, சீழ்

சிவந்து சூடாக இருப்பது கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், சிலிகானுக்கு உடல் காட்டும் எதிர்ப்பாகவும் இருக்கலாம். ஒரே இடத்தில், சில மணி நேரத்தில் பரவி, காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் தொற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும், ஊசி போட்ட பல இடங்களும் ஒன்றாக வீங்கி, காய்ச்சல் இல்லாமல், வந்து வந்து போனால் எதிர்ப்பு வீக்கமாக இருக்கும். இரண்டும் கலந்தும் வரும். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால் அன்றே மருத்துவமனை. தோற்றத்துக்குப் பொருந்தாத கடும் வலி, தோல் ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறுவது, தொட்டால் மரத்திருப்பது, அழுத்தினால் நெறுநெறுவென்று கேட்பது, இவை திசு அழுகும் தொற்றின் அடையாளங்கள். நள்ளிரவானாலும் உடனே புறப்பட வேண்டும்.

சந்தேகம் இருக்கும்போது ஆன்டிபயாட்டிக் முதலில், ஸ்டீராய்டு பிறகு. இந்த வரிசையை மாற்றினால், கிருமி இருந்தால் ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும். சீழ் கட்டியிருந்தால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசியாலோ சிறு குழாயாலோ எடுப்பது நல்லது. அகலமாகக் கீறினால் அந்தப் புண்ணிலிருந்து மாதக்கணக்கில் எண்ணெய் கசியும், மூடாது. எடுத்த சீழைச் சாதாரண கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மட்டும் அனுப்பினால் போதாது. காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியா வகைகள் (அப்சஸஸ், கெலோனே, ஃபார்ட்யூட்டம்) சுத்தமில்லாத ஊசி வழியாக வருபவை. ஊசி போட்டு 2 வாரம் முதல் சில மாதம் கழித்துச் சிறு சிறு கட்டிகளாகக் கிளம்பும். வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாது. மைக்கோபாக்டீரியா கல்ச்சர் என்று தனியாக எழுதிக் கேட்க வேண்டும். உறுதியானால் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துப் பல மாதம் எடுக்க வேண்டியிருக்கும்.

ஆண்டுகள் கழித்து வரும் கட்டிகள்

தோல் தடித்து, பழுப்பேறி, உள்ளே கல் கல்லாகத் தட்டுப்படுவது சிலிகான் கிரானுலோமா, அதாவது சிலிகானைச் சுற்றி எதிர்ப்புச் செல்கள் திரண்ட கட்டி. முதல் வேலை படம் எடுப்பது. அல்ட்ராசவுண்டில் பனிப்புயல் போன்ற வெண்மையான மறைப்பு தெரியும், அனுபவமுள்ள ரேடியாலஜி மருத்துவர் பார்த்ததுமே சொல்லிவிடுவார். எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அறிய எம்.ஆர்.ஐ. வேண்டும். சிலிகானைத் தனியே காட்டும் முறையில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மார்பில் ஏற்றிக்கொண்டவர்களுக்கு மேமோகிராம் பெரும்பாலும் உதவாது. புற்றுநோய்ச் சோதனைக்கும் எம்.ஆர்.ஐ. தான்.

பயாப்சி (சதைத் துணுக்குச் சோதனை) எடுத்தால் ஒரு எச்சரிக்கை, நம் ஊர்களுக்கு இது ரொம்ப முக்கியம். கிரானுலோமா என்ற சொல் அறிக்கையில் வந்ததும் காசநோய் என்று முடிவு கட்டி 6 மாத மருந்தைத் தொடங்குவது இங்கே சுலபமாக நடக்கும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ வீங்கிய கணுவைப் பார்த்து நிணநீர்ப் புற்றுநோய் என்று பயப்படுவதும் உண்டு. சிலிகான் கணு பெட் ஸ்கேனில் ஒளிரும் என்பதால் அந்தப் பயம் கூடும். மாதிரி அனுப்பும் படிவத்திலேயே 'இந்த இடத்தில் திரவ சிலிகான் ஏற்றப்பட்டுள்ளது' என்று எழுதச் சொல்லுங்கள். நோயியல் மருத்துவர் அதற்கான வெற்றுக் குழிகளைத் தேடிப் பார்ப்பார். அதே நேரம் காசநோய் இல்லை என்றும் உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் அடுத்து வரும் மருந்துகள் பலவும் உறங்கும் காசநோயை எழுப்பக்கூடியவை.

சிகிச்சை படிப்படியாகப் போகும். டாக்சிசைக்ளின் அல்லது மினோசைக்ளின் 100 மி.கி. தினம் இருவேளை, சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை. இவை கிருமியைக் கொல்வதோடு வீக்கத்தையும் தணிக்கும். ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அடுத்தது கட்டிக்குள்ளேயே டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. ஒரு மி.லி.க்கு 10 மி.கி. செறிவில் தொடங்கி, தேவைப்பட்டால் 40 வரை, 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை. அதிகமாகப் போனால் தோல் மெலிந்து குழி விழும். 5-ஃப்ளூரோயூராசில் சேர்த்துப் போட்டால் ஸ்டீராய்டு அளவைக் குறைக்கலாம். இதற்கும் அடங்காத பரவலான வீக்கத்துக்கு வாய்வழி ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன், அதை நிறுத்த முடியாதவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அடாலிமுமாப் போன்றவை. இந்தக் கடைசி வகையை இதில் பழக்கமுள்ள மருத்துவர்தான் தொட வேண்டும்.

எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்கள் தங்கள் மாத்திரையில் ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் டிரையாம்சினோலோன் உடலிலிருந்து வெளியேறாமல் தேங்கும். கட்டிக்குள் போட்ட ஒரு சிறு ஊசிகூட முகத்தை வீங்க வைத்து, அட்ரினல் சுரப்பியை மாதக்கணக்கில் முடக்கிவிடும். தோல் மருத்துவருக்கு எச்.ஐ.வி. மருந்துகள் பற்றித் தெரியாது, எச்.ஐ.வி. மருத்துவருக்கு ஊசி பற்றித் தெரியாது. நடுவில் இருக்கும் நீங்கள்தான் இருவருக்கும் சொல்ல வேண்டும்.

கால்சியம்

வெளியே தெரியாமல் ஆளைச் சாய்ப்பது இது. கிரானுலோமாவில் உள்ள செல்கள் வைட்டமின் டியை அதன் வீரியமான வடிவத்துக்கு மாற்றுகின்றன. சிறுநீரகம் இந்த வேலையைச் செய்யும்போது பாராதைராய்டு சுரப்பி அதற்குக் கடிவாளம் போடும். இந்தச் செல்களுக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. ரத்தத்தில் கால்சியம் ஏறிக்கொண்டே போகும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், அசதி, மறதி. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகக் கல், பிறகு சிறுநீரகச் செயலிழப்பு. தசை பெருக்க எண்ணெய் ஏற்றிக்கொள்ளும் உடற்பயிற்சி ஆட்களுக்கும் இதே கதி.

நம் ஊரில் இதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. அசதி என்று போனால் வைட்டமின் டி பார்ப்பார்கள். வழக்கமான சோதனை அளப்பது 25-ஹைட்ராக்ஸி வடிவத்தை. கிரானுலோமா அதைத் தின்று வீரிய வடிவமாக மாற்றிவிடுவதால், அது குறைவாகக் காட்டலாம். உடனே வாரம் ஒரு முறை 60,000 யூனிட் மருந்தும் கால்சியம் மாத்திரையும் எழுதித் தருவார்கள். எரிகிற இடத்தில் எண்ணெய் வார்த்த கதைதான்.

ஆகவே பெரிய அளவில் சிலிகான் ஏற்றியவர்கள் 6 மாதத்துக்கு ஒரு முறை, குறைந்தது ஆண்டுக்கு ஒரு முறை, ரத்தத்தில் கால்சியம், அல்புமின், கிரியாட்டினின் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. மொத்த கால்சியம் பொதுவாக ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மி.கி. வரை இருக்கும். தாண்டினால் பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்), 25-ஹைட்ராக்ஸி, 1,25-டைஹைட்ராக்ஸி வைட்டமின் டி சோதனைகள். பி.டி.எச். தாழ்ந்து 1,25 உயர்ந்திருந்தால் படம் தெளிவு. கால்சியம் 14ஐத் தொட்டாலோ, அதற்குக் கீழே இருந்தும் குழப்பம் வந்தாலோ மருத்துவமனையில் சேர்த்து உப்புக் கரைசல் ஏற்ற வேண்டும். நீடித்த சிகிச்சை ஸ்டீராய்டு, பெரும்பாலும் பிரெட்னிசோலோன் 20 முதல் 40 மி.கி. வரையில் தொடங்கி மெல்லக் குறைப்பது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு கீட்டோகொனசோல் தருவதுண்டு. ரத்த அழுத்தத்துக்கான தையசைடு வகை மாத்திரை கால்சியத்தை ஏற்றும். அது வேண்டாம் என்று சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

அன்றாடம்

'இடுப்புல ஒரு ஊசி' போடாத காய்ச்சல் நம் கிளினிக்குகளில் அபூர்வம். பிட்டத்தில் சிலிகான் இருந்தால் அங்கே எந்த ஊசியும் வேண்டாம். மருந்து தசையை எட்டாமல் எண்ணெயில் மிதக்கும், கூடவே கிருமியும் உள்ளே போகும். சிறு அளவு என்றால் மேற்கையில், பெரிய அளவு என்றால் தொடையின் வெளிப்புறத் தசையில் (அங்கே சிலிகான் இறங்கியிருக்காவிட்டால்). சிஃபிலிஸுக்கான பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், பிட்டத் தசையில் போடும் நீண்டகால எச்.ஐ.வி. ஊசி, ஹார்மோன் ஊசி எல்லாவற்றுக்கும் இதே கேள்வி எழும். முன்கூட்டியே சொன்னால் மாற்று இடமோ மாற்று மருந்தோ யோசிப்பார்கள். ஈஸ்ட்ரோஜனை மாத்திரை, ஜெல் என்று மாற்றிக்கொள்ளலாம்.

நீவி விட்டால் கரையும் என்று எண்ணெய் தேய்த்து அழுத்துவது, வெந்நீர் ஒத்தடம், ரத்தம் உறிஞ்சும் கப்பிங், அந்த இடத்தில் லேசர், ரேடியோ அலை, சமனாக்க மேலும் ஒரு ஃபில்லர்: எல்லாமே தீங்கு. சூடான வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ் 10, 15 நிமிடம் போதும். கால் வீக்கத்துக்கு அழுத்தக் காலுறை உதவும், காலின் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் 'சிலிகான் இறங்கியிருக்கும்' என்று விடாதீர்கள், ரத்தக் கட்டியா என்று டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) எடுங்கள். பல் சீழும் தோல் புண்ணும் உடனே வைத்தியம் பார்க்க வேண்டியவை. வேறிடத்துத் தொற்று சிலிகான் உள்ள இடத்தைக் கிளறிவிடுவதுண்டு.

வெட்டி எடுக்கலாமா

எல்லோரும் கேட்பது இதைத்தான். பஞ்சில் ஊறிய எண்ணெய் மாதிரி சிலிகான் கொழுப்பு, தசை, தோல் மூன்றிலும் கலந்திருக்கிறது. கொழுப்பை உறிஞ்சும் குழாய் நார்த் திசுவுக்குள் கிடப்பதை எடுக்காது. முழுக்க எடுக்க வேண்டுமென்றால் அந்தத் திசுவையே எடுக்க வேண்டும். பிறகு குழி, தழும்பு, மாதக்கணக்கில் ஆறாத புண், தோல் ஒட்டு. ஓரிடத்தில் மட்டும் திரண்ட கட்டி, திரும்பத் திரும்பச் சீழ் வைக்கும் இடம், ஆறாத புண், மருந்துக்கு அடங்காத கால்சியம், இவற்றுக்கு அறுவை நியாயம். தொந்தரவு இல்லாமல் கிடப்பதை 'எதற்கும் இருக்கட்டும்' என்று வெட்டுவதை நாங்கள் ஆதரிப்பதில்லை.

அறுவை மருத்துவரிடம் கேளுங்கள்: எம்.ஆர்.ஐ. பார்த்து எவ்வளவு விழுக்காடு எடுக்க முடியும் என்று நினைக்கிறீர்கள்? மிச்சத்தை என்ன செய்வீர்கள்? காயத்தை எப்படி மூடுவீர்கள், எத்தனை கட்டமாக? திசுவைக் கல்ச்சருக்கும் பயாப்சிக்கும் அனுப்புவீர்களா? நூறு விழுக்காடும் எடுத்துவிடுவேன், தழும்பே தெரியாது என்றால் எழுந்து வந்துவிடலாம்.

கையில் வைத்திருக்க வேண்டிய தாள்

மயங்கிக் கிடக்கும்போது உங்களுக்காகப் பேச ஒரு தாள் வேண்டும். பர்ஸில் ஒன்று, ஃபோனின் அவசரத் தகவல் பக்கத்தில் ஒன்று. இப்படி எழுதலாம்:

'எனக்கு ____ ஆண்டு முதல் ____ ஆண்டு வரை இரு பிட்டங்களிலும் இடுப்பிலும் திரவ சிலிகான் ஏற்றப்பட்டது. மொத்த அளவு ஏறத்தாழ ____ மி.லி., தரம் தெரியாது. அந்த இடங்களில் ஊசி போடவோ கீறவோ வேண்டாம். மூச்சுத் திணறல் இருந்தால் சிலிகான் அடைப்பையும் நினைவில் கொள்ளவும். வைட்டமின் டி, கால்சியம் தருமுன் ரத்த கால்சியம் பார்க்கவும். கடைசியாகப் பார்த்த கால்சியம் ____, தேதி ____. எடுக்கும் மருந்துகள் ____. கட்டியில் பயாப்சி எடுத்தால் சிலிகான் விவரத்தைப் படிவத்தில் எழுதவும், மைக்கோபாக்டீரியா கல்ச்சருக்கும் அனுப்பவும்.'